ஆபீஸில் இல்லாத பதவியை நமக்கென்று கேட்டு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதல்முறை நான் கேட்டபோது நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, நான் அங்கே மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டில் வாங்கும் கம்பெனியின் (பையரின்) ஆர்டரை ஆரம்பத்திலிருந்து அனுப்பும்வரை பார்த்துக்கொள்பவள், ஐந்தாவது வருடம். ஓனர் ரூமுக்குள் போய், எனக்கு இன்னும் பெரிய பொறுப்பு வேண்டும், இந்த சர்ட்டிஃபிகேட் வேலைகளையெல்லாம் நான் மொத்தமாகப் பார்க்கிறேன், அதற்கென்று ஒரு போஸ்ட் போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி அம்மணி, உன்ற ஆர்டரையெல்லாம் அப்புறம் யாரு பாக்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டீ வந்தது, குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதே ரூமில், அதே போஸ்ட் கிடைத்தது. இடையில் நான் அதிகத் திறமைசாலி ஆகிவிடவில்லை. கேட்கும் விதம்தான் மாறியது. அந்த எட்டு மாதத்தில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். என் உதாரணம் பனியன் கம்பெனி. உங்களுடையது ஆஸ்பத்திரி, காலேஜ், சாஃப்ட்வேர் என்று எதுவாகவும் இருக்கலாம். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது உதவாது, அங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடம், அரசாணை என்று பாதையே வேறு.

1. யாருடையதும் இல்லாத வேலையைக் கண்டுபிடியுங்கள்

புதிய பதவி என்றால் உட்கார்ந்து கற்பனை செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வேலை ஏற்கெனவே ஆபீஸில் நடந்துகொண்டிருக்கும், நாலு பேர் கையில் சிதறி, யாரும் தன்னுடையது என்று சொல்லாமல். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, "இது யார் பார்க்கிறீங்க?" என்று எத்தனை முறை, எதைப்பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே விஷயத்துக்கு அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு காலி நாற்காலி இருக்கிறது.

எங்கள் ஆபீஸில் அது டி.சி. பள்ளிக்கூடத்தில் கொடுப்பதில்லை, டிரான்ஸாக்ஷன் சர்ட்டிஃபிகேட். ஆர்கானிக் பருத்தி ஆர்டருக்கு பையர் 'காட்ஸ்' (GOTS, ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரநிலை) தரச்சான்று கேட்பார். அந்த லேபிளைப் போட வேண்டுமானால் பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி, துணியிலிருந்து பனியன் என்று ஒவ்வொரு கைமாறலுக்கும் சான்று வேண்டும். ஸ்பின்னிங் மில் தன் டி.சி.யைத் தாமதித்தால் நம்முடையதும் தாமதம். நிட்டிங்கும் டையிங்கும் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்திருந்தால் அவர்களும் சான்று வளையத்துக்குள் இருக்க வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) எல்லாவற்றிலும் எடை ஒத்துப்போக வேண்டும், ஒரு இடத்தில் பத்து கிலோ இடித்தாலும் கேள்வி வரும். இதை எங்கள் ஆபீஸில் நாலு மெர்ச்சண்டைசர்களும் தங்கள் தங்கள் ஆர்டருக்கு, ஷிப்மென்ட் போன பிறகு, வேண்டா வெறுப்பாகச் செய்துகொண்டிருந்தோம்.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள்: வெளியிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? கட்டாயம் வந்தால் பதவி தானாகப் பிறக்கும். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை இறுகியது. அதன்பிறகு சுத்திகரிப்பு பிளான்ட் பார்க்கும் ஆளுக்கு ஊரில் கிடைத்த மரியாதையே வேறு. இப்போது அமெரிக்காவில் 2022 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கும் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டத்தால் (சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பொருள்களைத் தடுப்பது) பருத்தி எங்கிருந்து வந்தது என்று காகிதம் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 ஜூலையில் வந்த ஒழுங்குமுறை பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது ஒரு பொருளின் விவரங்களைச் சொல்லும் மின்பதிவு, என்ற பாதையில் போகிறது. ஓனருக்கு இந்தச் சட்டங்களின் பெயர் தெரியாமல் இருக்கலாம், பையர் அனுப்பும் மெயில்கள் நீண்டுகொண்டே போவது நன்றாகவே தெரியும். உங்கள் யோசனை அந்த மெயில்களுக்குப் பதிலாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. ஆறு வாரம் நோட்டில் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் முதலில் தாண்டினேன். "ரொம்ப நேரம் வீணாகுது சார்" என்பதற்கு எந்த ஓனரும் பணம் கொடுக்கமாட்டார். அவருக்கு ரூபாயில் சொல்ல வேண்டும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, என்ன சிக்கல், யார் நேரம், எவ்வளவு நேரம், அதனால் எந்தப் பணம் நின்றது. ஆறு வாரத்தில் என் நோட்டில் இருந்தது இவ்வளவு: ஒரு மெர்ச்சண்டைசருக்கு வாரம் சுமார் ஐந்து மணி நேரம் டி.சி. துரத்துவதிலேயே போகிறது, நாலு பேருக்கு இருபது மணி. 28,000 ரூபாய் சம்பளத்தை மாதம் 26 நாள், தினம் 8 மணி என்று வகுத்தால் மணிக்குச் சுமார் 135 ரூபாய். வருடத்துக்கு 1.4 லட்சம். அப்புறம், டி.சி. வராததால் பையர் நிறுத்தி வைத்த இன்வாய்ஸ்கள் மொத்தம் 41 லட்சம், சராசரியாக 19 நாள். பேங்க் வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் 21,300 ரூபாய், அது ஆறு வாரத்துக்கு. வருடக் கணக்கில் 1.85 லட்சம். இரண்டும் சேர்த்து 3.25 லட்சம்.

நின்ற பணத்தின் விவரம் மெர்ச்சண்டைசருக்குத் தெரியாது, அக்கவுன்ட்ஸில்தான் இருக்கும். அங்கே இருந்த அக்காவிடம் நான் நேராகவே காரணத்தைச் சொல்லித்தான் வாங்கினேன். திருட்டுத்தனமாக எடுத்த கணக்கு பின்னால் கூட்டத்தில் வெளிவரும்போது, அதைவிட அசிங்கம் எதுவும் இல்லை.

தொகையை ஊதிப் பெருக்காதீர்கள். "ஒரு ஷிப்மென்ட் கேன்சல் ஆனால் கோடி ரூபாய் நஷ்டம்" என்று எழுதத் தோன்றும். நடக்காத நஷ்டத்தை வைத்து வியாபாரிகளை மடக்க முடியாது, அவர்கள் அதைத் தினமும் செய்கிறவர்கள்.

3. உங்கள் பழைய நாற்காலி

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இதுதான் மையம், மற்றதெல்லாம் இதைச் சுற்றி. நீங்கள் இப்போது செய்யும் வேலையைச் செய்ய ஆள் இருந்தால்தான் உங்களை நகர்த்துவார்கள். நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவர்களை எடுத்தால் ஓட்டை பெரிதாக விழும். கெட்டிக்காரர்கள் ஒரே சீட்டில் பத்து வருடம் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே உங்கள் வேலையை முதலில் மூன்றாகப் பிரியுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடியது, கற்றுக்கொடுத்தால் கொடுக்கக்கூடியது, உங்கள் தலையில் மட்டுமே இருப்பது. மூன்றாவதைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த பையர் லேப் டிப்பை (சாயம் போட்டுக் காட்டும் சின்னத் துணி மாதிரி) எத்தனை முறை திருப்பி அனுப்புவார், எவருக்கு மெயில் போட்டால் போதும், எவருக்கு போன் செய்தே ஆகவேண்டும், எந்த டையிங்கில் கறுப்பு நன்றாக வரும். நான் எழுதியது பதினொரு பக்கம் வந்தது. எழுதும்போது கொஞ்சம் பயமாகவும் இருந்தது, இதை எடுத்துக்கொண்டு என்னையே வெளியே அனுப்பிவிட்டால்? அந்த பயம் நியாயமானதுதான். ஓனர் அப்படிப்பட்டவர் என்றால், பதவி கேட்பதை விட்டுவிட்டு வேறு கம்பெனி தேடுவது உத்தமம்.

என் இடத்துக்கு ஒரு ஜூனியர் எடுத்தால் என்ன ஆகும் என்றும் கணக்கு போட்டேன். சம்பளம் 18,000. கம்பெனி பங்காக ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 585 ரூபாய். பேசிக் 9,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம், 1,080. அதே பேசிக்கில் போனஸ் 8.33 சதவீதம், கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம். எல்லாம் சேர்த்து மாதம் 20,850 அருகில் வரும். ஒரு ஆளின் சம்பளம் ஒன்று, அந்த ஆளுக்காக கம்பெனி செலவழிப்பது இன்னொன்று. இதை நீங்களே எழுதிக்கொண்டு போனால் எதிரில் இருப்பவர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிடுவார்.

4. உங்கள் நேர் மேலாளரைத் தாண்டாதீர்கள்

என் முதல் முயற்சியின் இரண்டாவது தப்பு இது. மெர்ச்சண்டைசிங் மேனேஜர் அண்ணாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராக ஓனரிடம் போனேன். அடுத்த இரண்டு வாரம் அவர் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. சிறிய கம்பெனிகளில் ஓனர் ரூம் கதவு எப்போதும் திறந்திருக்கும், அதனால் இந்தத் தப்பு சுலபமாக நடந்துவிடும்.

இரண்டாவது முறை அவரிடம்தான் முதலில் போனேன், நோட்டோடு. "அண்ணா, இதைப் பாருங்க, தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க" என்றேன். அவர் இரண்டு எண்களைத் திருத்தினார். திருத்திய பிறகு அந்தக் கணக்கு அவருடையதும் ஆகிவிட்டது. அவருடைய கவலை ஒன்றுதான், நான் போனால் அவர் டீமில் ஆள் குறையும். ஜூனியர் வந்து மூன்று மாதம் வரை நானும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றதும் முகம் மாறியது.

யாருக்கெல்லாம் உங்கள் புதிய பதவியால் கை குறையும் என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் முதல்முறை கேள்விப்படுகிறவர் எதிர்த்துத்தான் பேசுவார்.

5. செய்து காட்டுங்கள், ஆனால் முடிவு தேதியோடு

ஒரே ஒரு பையரின் டி.சி. மட்டும் நான் பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி எடுத்துக்கொண்டேன், மூன்று மாதத்துக்கு. ஷிப்மென்ட்டுக்குப் பிறகு தொடங்காமல், நூல் வாங்கும் நாளிலேயே மில்லிடம் டி.சி. கேட்டு, எடையை ஒரு ஷீட்டில் ஏற்றிக்கொண்டே வந்தேன். பெரிய தந்திரம் எதுவும் இல்லை. அந்த பையருக்கு மட்டும் பணம் நிற்பது நின்றது.

ஆபத்து என்னவென்றால், சும்மா செய்து கொடுத்தால் அது அப்படியே உங்கள் தலையில் ஏறிவிடும். இரண்டு வேலை, ஒரு சம்பளம். தொடங்கும்போதே "செப்டம்பர் வரைக்கும் டிரையல்" என்று மெயிலில் ஒரு வரி போட்டு வையுங்கள். தேதி வந்ததும் நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நிறுத்துவதற்கு மனசு வராது, தெரியும்.

6. ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

பிரசென்டேஷன் எல்லாம் தேவையில்லை. ஓனர் அதைத் தன் தம்பியிடமோ ஆடிட்டரிடமோ காட்டப்போகிறார், அப்போது நீங்கள் அருகில் இருக்கமாட்டீர்கள். நீங்கள் இல்லாமலே அந்தக் காகிதம் பேச வேண்டும். என்னுடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"இப்போது: டி.சி. வேலையை நாலு பேர் தனித்தனியே செய்கிறோம். ஆறு வாரத்தில் 41 லட்சம் ரூபாய் சராசரி 19 நாள் நின்றது. வருடச் செலவு சுமார் 3.25 லட்சம் (கணக்கு பின்பக்கம்).

டிரையல்: ஒரு பையருக்கு மூன்று மாதம் ஒருவரே பார்த்ததில் ஒரு இன்வாய்ஸும் நிற்கவில்லை.

கேட்பது: சர்ட்டிஃபிகேஷன் கோஆர்டினேட்டர் என்று ஒரு பொறுப்பு. மில் முதல் ஷிப்மென்ட் வரை எல்லாச் சான்றுகளும், ஆடிட் தேதிகளும், பையரின் காகிதக் கேள்விகளும் இதில் வரும். விலை பேசுவது, சாம்பிள், புரொடக்ஷன் இதில் வராது.

என் ஆர்டர்கள்: ஜூனியர் ஒருவர். மூன்று மாதம் நான் கூட இருந்து கைமாற்றுவேன். குறிப்புகள் 11 பக்கம் தயார்.

செலவு: ஜூனியருக்கும் என் சம்பள உயர்வுக்கும் சேர்த்து வருடம் 3.15 லட்சம்.

ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியது: நின்ற இன்வாய்ஸ்கள் எத்தனை, எத்தனை நாள்."

"இதில் வராது" என்ற வரியைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் ஆபீஸில் யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் புதிய பதவிக்குள் வந்து விழும். பதவியின் பெயரும் வெளியே நாலு பேருக்குப் புரிகிற பெயராக இருக்கட்டும். நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போகும்போது "ஸ்பெஷல் புராஜெக்ட்ஸ்" என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது.

பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் ஓனருக்குப் பதில் எச்.ஆர்., பட்ஜெட், கிரேடு என்று யோசிக்க வேண்டும். புதிய வருடத்துக்கு எத்தனை ஆள் என்று முடிவாவதற்கு முன்னாலேயே இந்தக் காகிதம் மேலாளர் கையில் இருக்க வேண்டும். அப்ரைசல் மீட்டிங்கில் முதல்முறையாக எடுத்தால் பெரும்பாலும் தாமதம்தான்.

7. சம்பளம்

முதலில் 8,000 உயர்வு கேட்க நினைத்தேன். ஜூனியர் செலவோடு, உயர்வுக்கான பி.எஃப்., கிராஜுவிட்டி பங்கையும் சேர்த்தால் வருடம் 3.54 லட்சம் வந்தது, மிச்சமாவது 3.25. கணக்கு இடித்தது. எண்ணைத் திருத்திவிடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு, கேட்பதைத் திருத்தினேன்: இப்போது 5,000, ஆறு மாதம் கழித்து, பணம் நிற்பது குறைந்திருந்தால், இன்னொரு 3,000. அப்படித்தான் அந்த 3.15 வந்தது.

சம்பளத்தைப் பேசாமல் பதவியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், பணம் தானாக வரும் என்று சிலர் சொல்வார்கள். வராது.

8. எப்போது போவது

தீபாவளி போனஸ் நேரத்தில் போகாதீர்கள். திருப்பூரில் அந்த இரண்டு வாரம் எந்த ஓனருக்கும் கையில் காசு நிற்காது, தூக்கமும் இருக்காது. ஷிப்மென்ட் வாரம், ஆடிட் வாரம், சனிக்கிழமை சம்பளம் போடும் நாள் எல்லாம் வேண்டாம். பணம் வந்து ஓரிரு நாள் ஆன பிறகு, முன்கூட்டியே "அரை மணி நேரம் வேணும் சார்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ரூமுக்குள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் படிக்கும் அந்த இரண்டு நிமிடம் மிக நீளமாக இருக்கும், இடையில் புகுந்து விளக்கத் தோன்றும். விளக்காதீர்கள். என் ஓனர் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்க்காதது: "மத்த மூணு பேருக்கு வாரம் அஞ்சு மணி நேரம் மிச்சமாகுதுன்னு நீயே எழுதியிருக்கற. அப்ப உன்ற ஆர்டர அவங்களுக்கே பிரிச்சுக் குடுக்கலாமல்ல, ஜூனியர் எதுக்கு அம்மணி?"

நியாயமான கேள்வி. சமாளிக்காமல், நான் அதை யோசிக்கவில்லை சார் என்றேன். இரண்டு சின்ன பையர்களை அவர்களுக்குப் பிரித்துவிடலாம், பெரிய பையருக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று அங்கேயே பேசி முடிவானது. யோசனையில் அவரே ஒரு திருத்தம் செய்துவிட்டால் பாதி சரி என்று சொன்ன மாதிரி.

9. வரக்கூடிய பதில்கள்

"பாக்கலாம்" என்பது நம் ஊரில் சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. "சரிங் சார், அடுத்த வெள்ளிக்கிழமை வந்து கேக்கட்டுங்களா?" என்று ஒரு நாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மூன்று வெள்ளிக்கிழமை தாண்டினால் பதில் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"நல்லா இருக்கு, நீயே சேத்துப் பாத்துக்கோ" என்பது பொறி. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். "பாத்துக்கறேன் சார், இப்ப இருக்கறதுல எதைக் குறைச்சுக்கட்டும்?" என்று மரியாதையாகவே கேட்க வேண்டும்.

யோசனை உங்களுடையது, ஆனால் அதற்கு வெளியிலிருந்து அனுபவசாலியை எடுக்கிறோம் என்றும் சொல்வார்கள். வயிறு எரியும். அந்த இடத்தில் டிரையல் எண்களும், நீங்கள் முடித்த பயிற்சி ஏதாவது இருந்தால் அதுவும்தான் பேசும். அதனால்தான் ஐந்தாம் படியைத் தாண்டக்கூடாது.

நேராகவே முடியாது என்றால், எது தடுக்கிறது என்று மட்டும் கேளுங்கள், பணமா, ஆளா, நேரமா. பணம் என்றால் சில மாதங்கள் கழித்து மறுபடி போகலாம். தடை நீங்களே என்றால், அதாவது உங்கள்மேல் நம்பிக்கை இல்லை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் இன்டர்வியூ போங்கள். அந்தக் கணக்கு அங்கேயும் உதவும், கம்பெனியின் எண்களையும் பையர் பெயர்களையும் மட்டும் வெளியே சொல்லக்கூடாது.

10. எழுத்தில் வாங்குங்கள்

சரி என்று சொன்ன அன்றைக்கே மெயில் போடுங்கள். "இன்று பேசியபடி, அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல்..." என்று தொடங்கி பதவிப் பெயர், யாருக்கு ரிப்போர்ட் செய்வது, சம்பளம், ஆறு மாத நிபந்தனை, நாலே வரி. லெட்டர் பிறகு வரட்டும். வராவிட்டாலும் இந்த மெயில் இருக்கும்.

முதல் மாதம் இரண்டு வேலையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். ஜூனியர் பெண் தினம் பத்து முறை, "அக்கா, இந்த பையருக்கு மெயில் போடலாமா, போன் பண்ணணுமா" என்று வந்து நிற்பாள், பதினொரு பக்கத்தில் எழுதியிருந்தும். இரண்டாவது மாதத்திலிருந்து ஆறாம் பக்கம் பார் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த மிச்சம் 3,000 ரூபாய்க்கான தேதியை மெயில் போட்ட நாளிலேயே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள், வேறு யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை காலை நான் ஒரு பக்கக் காகிதத்தோடு போய் நின்றேன், நின்றுபோன இன்வாய்ஸ் ஒன்றே ஒன்று, நாலு நாள். ஓனர் சுவர்க் காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தேதி பாத்துத்தான் வந்திருக்கறயாக்கும்" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் தேடினார்.